வானத்தில் குட்டிக்கரணம்: சண்டை விமான சிமுலேட்டரில் லூப், ரோல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசிஎஸ், ஐஎல்-2, வார் தண்டர் மாதிரி சிமுலேட்டர்களில் ஓரளவு பறக்கத் தெரிந்து, அடுத்து லூப் (மேலே ஏறி, தலைகீழாகி, முழு வட்டம் போட்டு இறங்குவது), ரோல் (பக்கவாட்டில் புரள்வது) என்று இறங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பெரும்பாலும் இரண்டாம் உலகப் போர் காலத்து ப்ரொபெல்லர் விமானங்களை வைத்தே சொல்கிறேன், என் கை பழகியது அதில்தான். ஜெட்டுக்கு ஒரே ஒரு கேள்வி, கடைசிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எந்த விமானத்தில் தொடங்குவது?

காசு செலவழிக்காமல் தொடங்க வேண்டுமென்றால் டிசிஎஸ் வேர்ல்ட். அதோடு இலவசமாகவே வரும் டிஎஃப்-51டி, மஸ்டாங்கின் இரண்டு இருக்கை வடிவம். துப்பாக்கி கிடையாது. அதுவும் நல்லதுக்குத்தான், சுட எதுவும் இல்லாததால் வேறு வழியில்லாமல் பறக்கக் கற்றுக்கொள்வீர்கள். கூடவே வரும் இன்னொரு இலவச விமானம் சுகோய் 25டி. அது தரையில் இருப்பதைத் தாக்குவதற்கென்றே செய்த எருமை, அதில் லூப் போட்டுப் பார்த்துவிட்டு "எனக்கு இது வராது" என்று முடிவு கட்டாதீர்கள்.

வார் தண்டர் என்றால் சிமுலேட்டர் பிரிவுக்குப் போங்கள். மவுஸில் பறக்கும் மற்ற பிரிவுகளில் நீங்கள் திசையைக் காட்டுகிறீர்கள், அந்தத் திசைக்கு விமானத்தைக் கொண்டுபோவது கணினி. லூப் அழகாக வரும், ஆனால் போட்டது நீங்கள் இல்லை.

ரடர் பெடல் வாங்கியே ஆக வேண்டுமா?

வேண்டாம், ஆனால் ரடருக்கு, அதாவது மூக்கை இடம் வலம் திருப்பும் வால் தகட்டுக்கு, ஏதாவது ஒரு அச்சு வேண்டும். முறுக்கினால் ரடர் திரும்பும் ஜாய்ஸ்டிக் போதும். நான் நான்கு வருடம் அதில்தான் ஓட்டினேன். அதில் ஒரு தொல்லை, ஸ்டிக்கை வேகமாக இழுக்கும்போது மணிக்கட்டு தன்னை அறியாமல் கொஞ்சம் முறுக்கும், விமானம் காரணமே இல்லாமல் கோணலாகப் போவது போல இருக்கும். ரடர் அச்சில் மட்டும் சின்னதாக ஒரு டெட்சோன் (சிறு அசைவைக் கண்டுகொள்ளாத இடைவெளி) வைத்தால் பாதி சரியாகிவிடும்.

அதைவிட முக்கியம் பிட்ச் அச்சின் (மூக்கை ஏற்றி இறக்குவது) கர்வ், அதாவது ஸ்டிக் அசைவுக்கு விமானம் எவ்வளவு பதில் சொல்ல வேண்டும் என்ற அமைப்பு. நிஜ விமானத்தில் ஸ்டிக் இரண்டு முழங்காலுக்கும் நடுவே நீளமாக நிற்கும், மேசைமேல் இருக்கும் நம் ஜாய்ஸ்டிக் ஒரு சாண்தான். அங்கே நான்கு விரற்கடை இழுக்க வேண்டியது இங்கே ஒரு விரற்கடை. அதனால் நடுப்பகுதி மந்தமாக இருக்கும்படி 15, 20 அளவுக்குக் கர்வ் வையுங்கள். இதை வைக்காமல் "இந்த விமானம் ரொம்பத் துள்ளுகிறது" என்று விமானத்தைத் திட்டுபவர்கள்தான் அதிகம்.

லூப் போட்டால் உச்சியில் பக்கவாட்டில் சரிந்து விழுகிறேன். என்ன தப்பு செய்கிறேன்?

இரண்டு தப்பு, இரண்டையும் எல்லோரும் செய்கிறோம்.

முதலாவது, அடியில் இழுத்த அதே அளவுக்கு உச்சியிலும் இழுப்பது. மேலே போகப் போக வேகம் குறைகிறது. அடியில் 300 மைல் வேகத்தில் தாங்கிய இழுப்பை உச்சியில் 130, 140 மைலில் இறக்கை தாங்காது, ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் சக்தியை இழக்கும். மஸ்டாங்கில் நான் செய்வது இப்படி: 300 மைலில் இறக்கைகள் மட்டமாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு, நான்கு ஜி (உடம்பு நான்கு மடங்கு கனப்பது) அளவுக்கு மெதுவாகத் தொடங்கி அழுத்தமாக இழுப்பேன். மூக்குக்கு முன்னால் வானம் மட்டும்தான் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. தலையைத் திருப்பி இடது இறக்கை நுனியையும் அடிவானத்தையும் பாருங்கள், அப்புறம் வலது. இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால் நேராகப் போகிறீர்கள். செங்குத்தைத் தாண்டியதும் பிடியைத் தளர்த்துங்கள், விமானம் தானே மிதந்து தாண்டட்டும். தலைக்கு மேலே, அதாவது கண்ணாடிக் கூரை வழியாக, அடுத்த பக்க அடிவானம் இறங்கி வரும். அது தெரிந்ததும் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பைக் கூட்டலாம்.

இரண்டாவது தப்பு, காலை மறந்துவிடுவது. மஸ்டாங் மாதிரி மெர்லின் எஞ்சின் போட்ட விமானத்தில் ப்ரொபெல்லர், விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றாகச் சுழல்கிறது. அது கிளப்பும் காற்று வாலைச் சுற்றிக்கொண்டு வந்து மூக்கை இடது பக்கம் தள்ளும். வேகமாகப் போகும்போது இது தெரியாது. வேகம் குறைந்து எஞ்சின் முழு மூச்சில் இருக்கும்போது, அதாவது லூப்பின் உச்சியில், நன்றாகவே தெரியும். மேலே போகப் போக வலது ரடர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட வேண்டும், இறங்கும்போது அதே மாதிரி குறைய வேண்டும். கிரிஃபன் எஞ்சின் போட்ட பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் என்றால் எல்லாம் தலைகீழ், அது எதிர்ச்சுற்று.

டாக்வியூ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது, பறந்த பாதையை முப்பரிமாணத்தில் வரைந்து காட்டும். என் "நல்ல" லூப் ஒன்றை அதில் போட்டு மேலிருந்து பார்த்தேன். நேர்க்கோடாக இருக்க வேண்டியது 'ட' மாதிரி மடங்கிக் கிடந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தபோது எல்லாம் சரியாக இருந்ததாகவே தோன்றியது, அதுதான் கொடுமை.

வேகம், உயரம் என்று எப்போதும் ஒரு கணக்கு சொல்கிறார்களே, அது என்ன?

மணிக்கு 540 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 150 மீட்டர். அந்த வேகத்தை முழுவதும் உயரமாக மாற்றினால் சுமார் 1150 மீட்டர் கிடைக்கும். 360 கிலோமீட்டர் வேகத்துக்கு 510 மீட்டர்தான். ஆக 540இல் மேலே கிளம்பி வேகம் 360க்குக் குறையும்போது கிட்டத்தட்ட 640 மீட்டர் ஏறியிருப்பீர்கள். எஞ்சின் தருவதையும் காற்று பிடித்து இழுப்பதையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது, ஆனாலும் மனதில் வைத்துக்கொள்ள இது போதும்.

இதே போல, ஒரே அளவு ஜி இழுத்தாலும் வேகம் இரண்டு மடங்கானால் வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகும். வேகமாகப் போனால் நன்றாகத் திரும்பலாம் என்று நினைப்பவர்கள் மரத்தில் மோதுவது இதனால்தான்.

500 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கூட திடீரென்று புரண்டுவிடுகிறது. இவ்வளவு வேகத்தில் எப்படி ஸ்டால் ஆகும்?

ஆகும். ஸ்டால் என்பது வேகக் குறைவால் வருவது என்று யாரோ முதலில் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள், அப்புறம் அதை மறக்கவைப்பது பெரும்பாடு. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஒரு அளவைத் தாண்டினால் ஸ்டால், அவ்வளவுதான். எந்த வேகத்திலும் அந்தக் கோணத்துக்குப் போக முடியும், ஸ்டிக்கை வெடுக்கென்று இழுத்தால் போதும். கணக்கும் எளிது: ஸ்டால் வேகம் ஜியின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப ஏறும். நேராகப் பறக்கும்போது 160இல் ஸ்டால் ஆகும் விமானம் 4 ஜியில் 320இல் ஆகும், 9 ஜியில் 480இல்.

விமானத்துக்கு விமானம் குணம் மாறும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை நுனிப்பக்கம் லேசாகக் கீழ்நோக்கி முறுக்கப்பட்டிருப்பதால் அடிப்பக்கம் முதலில் ஸ்டால் ஆகி உடம்பெல்லாம் நடுங்கும், "போதும்ப்பா" என்று கெஞ்சுகிற மாதிரி. ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் இறக்கையின் முன்விளிம்புத் தகடுகள் தாமாகவே வெளியே வரும். ஃபோக்க வுல்ஃப் 190 எச்சரிக்கை என்று பெரிதாக எதுவும் தராது, ஒரு இறக்கை பட்டென்று விழும், நீங்கள் மல்லாக்கக் கிடப்பீர்கள்.

நிஜ விமானிக்கு இது இருக்கையிலும் இடுப்பிலும் தெரியும். நமக்கு நாற்காலி அசையாது, அதனால் காதைப் பழக்குங்கள். காற்று உரசும் சத்தம் மாறும், திரை நடுங்கும். அந்த நடுக்கம் தொடங்கும் இடம்தான் உங்கள் எல்லை, அதற்கு ஒரு மயிரிழை முன்னால் பிடித்து வைப்பதுதான் திறமை. தாண்டிவிட்டால் முதலில் ஸ்டிக்கைத் தளர்த்துங்கள். விழுந்த இறக்கையை ஏலரானால் (இறக்கையில் இருக்கும், விமானத்தைப் புரட்டும் தகடு) தூக்கப் பார்க்கக் கூடாது, இன்னும் மோசமாகும்.

ஸ்பின்னில் (ஸ்டால் ஆகிச் சுழன்றுகொண்டே விழுவது) மாட்டிக்கொண்டால்?

த்ராட்டிலை முழுவதும் குறை, ஏலரானை நடுவில் வை, சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கம் முழு ரடர் கொடு, ஸ்டிக்கை முன்னால் தள்ளு. பிறகு பொறு. இந்தப் "பொறு"தான் யாருக்கும் வருவதில்லை. ஒரு சுற்று முடிவதற்குள் பயந்துபோய் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி ஆட்டினால் எதுவுமே வேலை செய்யாது.

மஸ்டாங் ஓட்டுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இறக்கைத் தொட்டிகளில் 184 கேலன் பிடிக்கும், விமானி முதுகுக்குப் பின்னால் இருக்கும் தொட்டியில் இன்னும் 85. அந்தப் பின்தொட்டி நிரம்பியிருந்தால் எடை பின்னால் போய், இழுக்க ஆரம்பித்ததும் மூக்கு தானாக மேலும் மேலும் தூக்கும். போர்க்காலத்திலேயே அது பெரும்பகுதி காலியாகாமல் குட்டிக்கரணம் கூடாது என்று விமானிகளுக்குத் தடை இருந்தது. எரிபொருளை 68 சதவீதத்துக்குக் கீழே வைத்துக் கிளம்புங்கள், அந்தத் தொட்டியே உங்களுக்கு வேண்டாம்.

பேரல் ரோலும் ஏலரான் ரோலும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. ஏலரான் ரோலில் விமானம் தன் அச்சிலேயே புரளும், கம்பியில் கோத்த மணி மாதிரி. பேரல் ரோலில் ஒரு பெரிய பீப்பாயின் உள்சுவரை ஒட்டிச் சுருள்சுருளாகப் போகும், ஸ்டிக்கை இழுத்துக்கொண்டே புரள வேண்டும்.

செய்து பார்க்க: அடிவானத்தில் ஒரு மலையோ மேகமோ குறித்துக்கொள்ளுங்கள். மூக்கை அதற்கு 45 பாகை வலப்பக்கம் கொண்டுபோய், இறக்கைகளை மட்டமாக்கி, லேசாக இழுத்துக்கொண்டே இடப்பக்கம் மெதுவாகப் புரளுங்கள். மூக்கு அந்த மலையைச் சுற்றி ஒரு வட்டம் போட வேண்டும். மலைக்கு நேர் மேலே வரும்போது இறக்கை செங்குத்து, வட்டத்தின் இடது ஓரத்தில் முழுவதும் தலைகீழ். தலைகீழாக இருக்கும் இடத்தில் அவசரப்பட்டு இழுத்துவிட்டால் ரோல் போய் கீழ்நோக்கிய பாதி லூப் ஆகிவிடும். கிட்டத்தட்ட எல்லோரும் கெடுப்பது அந்த இடத்தில்தான்.

சரியாகச் செய்தால் முழுச் சுற்றிலும் விமானி இருக்கையோடு ஒட்டியே இருப்பார். அமெரிக்க விமானி பாப் ஹூவர் தன் இரட்டை எஞ்சின் ஷ்ரைக் கமாண்டரில் ரோல் போட்டுக்கொண்டே ஒரு கையால் குவளையில் ஐஸ் டீ ஊற்றிக் காட்டுவார், ஒரு சொட்டு வெளியே போகாது. அவர் கையில் இருந்த நிதானத்தைப் பாருங்கள், அந்த வேகத்தில்தான் ஸ்டிக் நகர வேண்டும்.

சண்டையில் இதற்கு அசல் உபயோகம் உண்டு. எதிரியை விட வேகமாக வந்து அவரைத் தாண்டிப் போய்விடப் போகிறீர்கள் என்றால், ஒரு பேரல் ரோல் போட்டால் பாதை நீளும், அவர் பின்னாலேயே இருப்பீர்கள்.

இம்மெல்மான், ஸ்ப்ளிட் எஸ் இரண்டும் எப்போதும் குழம்புகிறது.

மேலே போகும் பாதி லூப், உச்சியில் பாதி ரோல்: இம்மெல்மான். முதலில் பாதி ரோல், அப்புறம் கீழே போகும் பாதி லூப்: ஸ்ப்ளிட் எஸ். இரண்டிலும் திசை நேர் எதிராக மாறும், ஒன்றில் உயரம் கூடும், மற்றதில் போகும்.

பெயருக்குரிய மாக்ஸ் இம்மெல்மான் 1916 ஜூனில் இறந்த ஜெர்மானிய விமானி. அவர் ஓட்டிய ஃபோக்கர் ஐன்டெக்கரில் ஏலரானே கிடையாது, கம்பி இழுத்து இறக்கையையே முறுக்கித்தான் புரட்ட வேண்டும். அதில் இன்றைய இம்மெல்மானை அவர் செய்திருப்பார் என்பது சந்தேகம்தான்.

இம்மெல்மானில் திசை தடுமாறுவது சிமுலேட்டர்காரர்களுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. 1942 ஜூன் 23 அன்று ஆர்மின் ஃபாபர் என்ற ஜெர்மானிய விமானி தென்மேற்கு இங்கிலாந்தின் மேல் நடந்த சண்டைக்குப் பிறகு வழி தவறி, பிரிஸ்டல் கால்வாயை இங்கிலீஷ் கால்வாய் என்று நினைத்து வடக்கே பறந்து, பிரான்சுக்கு வந்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் வேல்ஸின் பெம்ப்ரே பிரிட்டிஷ் விமானத் தளத்தில் தன் ஃபோக்க வுல்ஃப் 190ஐப் பத்திரமாக இறக்கிக் கொடுத்தார். பிரிட்டிஷ்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த விமானம், கீறல் இல்லாமல் வீடு தேடி வந்தது. ஆகவே புரளும் முன் திசைகாட்டியில் ஒரு எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வரும்போது அதற்கு நேர் எதிர் எண் இருக்க வேண்டும்.

ஸ்ப்ளிட் எஸ்ஸுக்கு ஒரே எச்சரிக்கை: மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குள் முடியும் திருப்பம், 600இல் அதே ஜிக்கு இரண்டு மடங்குக்கு மேல் உயரம் கேட்கும். 2000 மீட்டருக்குக் கீழே நான் போடுவதில்லை. போட்ட நாட்களும் உண்டு, அவற்றின் முடிவு எல்லாம் ஒரே மாதிரிதான்.

ஹாமர்ஹெட்?

செங்குத்தாக ஏறி, கிட்டத்தட்ட நின்றுபோகும் தறுவாயில் முழு ரடர் கொடுத்து, மூக்கை இறக்கை வழியாகச் சுற்றிக் கீழே கொண்டுவருவது. கடிகாரச் சுற்று ப்ரொபெல்லர் என்றால் இடது பக்கம் சுலபமாக வரும். கொஞ்சம் சீக்கிரம் மிதித்தால் அகலமாகச் சுற்றும், தாமதித்தால் ரடரில் படக் காற்றே இருக்காது, வாலோடு பின்னால் சரியும். மிதித்த உடனே வலது ஏலரானும் ஸ்டிக்கைச் சற்று முன்னால் தள்ளுவதும் தேவைப்படும், இல்லாவிட்டால் முதுகுப் பக்கமாகப் புரளும்.

பார்க்க இதைவிட அழகானது எதுவும் இல்லை. சண்டையில் செய்தால் நூல் அறுபடக் காத்திருக்கும் பட்டம் மாதிரி ஒரே இடத்தில் தொங்குவீர்கள்.

அப்படியானால் நிஜச் சண்டையில் இதெல்லாம் யாராவது செய்தார்களா?

முழுசாக, அழகாக, கிட்டத்தட்ட இல்லை. ஆனால் சண்டையில் செய்வதெல்லாம் இவற்றின் துண்டுகள்தான். வேகத்தைக் குறைக்க மேலே போய் வளைந்து இறங்கும் ஹை யோ-யோ என்பது சரிந்த லூப்பின் ஒரு கீற்று.

நான் ரசிக்கும் உதாரணம் மெர்லின் எஞ்சின் கதை. ஆரம்பகால ஸ்பிட்ஃபயரில் மூக்கை வெடுக்கென்று கீழே தள்ளினால் கார்புரேட்டரில் எரிபொருள் மேலே மிதந்து எஞ்சின் இருமும். மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் முறை, அது பாட்டுக்கு டைவ் அடித்துப் போய்விடும். அதனால் பிரிட்டிஷ் விமானிகள் பாதி ரோல் போட்டு, தலைகீழாக நின்று, இழுத்துக்கொண்டே துரத்தினார்கள், அப்படிச் செய்தால் ஜி நேராகவே இருக்கும், எஞ்சின் நிற்காது. 1941இல் பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர் எரிபொருள் வழியில் போட ஒரு சிறு துளைத் தகடு செய்து கொடுத்தார், தொல்லை பெரிதும் குறைந்தது. பழைய மெர்லின் உள்ள ஸ்பிட்ஃபயர் உங்கள் சிமுலேட்டரில் இருந்தால் மூக்கைத் தள்ளிப் பாருங்கள், அந்த இருமல் கேட்கும்.

ஜப்பானின் ஜீரோ சண்டை விமானமும் அப்படித்தான். அலாஸ்காவின் அகுட்டான் தீவில் கவிழ்ந்து கிடந்த ஒன்றை 1942 ஜூலையில் அமெரிக்கர்கள் கண்டெடுத்துப் பழுது பார்த்து ஓட்டியபோது, அதிவேகத்தில் அதன் ஏலரான் இறுகிப் போகிறது, எதிர்மறை ஜியில் (உடம்பு இருக்கையை விட்டு மேலே எழும் நிலை) எஞ்சின் நிற்கிறது என்று தெரிந்தது. ஜீரோ பின்னால் வந்தால் டைவ் அடி, வேகம் பிடித்ததும் புரண்டு விலகு. மெதுவாக வட்டம் போட்டு அதோடு மல்லுக்கு நிற்காதே.

கண் இருட்டிக்கொண்டே போகிறது. சிமுலேட்டரில் அந்த அமைப்பை அணைத்துவிடலாமா?

அணைக்கலாம், ஆனால் அப்புறம் "நிஜம் போல" என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. 5, 6 ஜியைச் சில நொடிகள் பிடித்தால் ஜி உடை (காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் உடை) இல்லாத விமானிக்குப் பார்வை மங்கும். இன்றைய சிமுலேட்டர்கள் களைப்பையும் கணக்கில் வைக்கின்றன, முதல் திருப்பத்தில் முழு பலத்தையும் காட்டிவிட்டால் மூன்றாவதில் சீக்கிரமே இருட்டும். திரை ஓரம் சாம்பல் பூக்க ஆரம்பித்ததும் இழுப்பைக் கொஞ்சம் விடுங்கள்.

தலையைத் திருப்பிப் பார் என்கிறீர்கள், என்னிடம் தலை அசைவைப் படிக்கும் ட்ராக்ஐஆர் கருவி இல்லையே?

ஓப்பன்ட்ராக் இலவசம், சாதாரண வெப்கேமை வைத்தே தலை அசைவைப் படிக்கும். அதுவும் இல்லையென்றால் ஜாய்ஸ்டிக் தலையில் இருக்கும் ஹாட் சுவிட்சில் இடம், வலம், நேர் மேல் என்று மூன்று பார்வைகள் போதும், லூப் கற்க.

சுகோய் 27இல் கோப்ரா எப்படி?

சரி, இதைக் கேட்காமல் யாரும் போவதில்லை. கோப்ரா என்பது மட்டமாகப் பறந்துகொண்டே மூக்கைச் செங்குத்தைத் தாண்டித் தூக்கி மறுபடி இறக்குவது. 1989இல் பாரிஸ் லெ பூர்ஜே கண்காட்சியில் விக்டர் புகச்சோவ் காட்டியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்வீடன்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே, 1960களில், டிராக்கன் விமானத்தில் இதே மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள்.

டிசிஎஸ்ஸில் ஏவுகணை எதுவும் மாட்டாமல், எரிபொருளைக் குறைவாக வைத்து, 400 கிலோமீட்டர் வேகத்துக்குப் பக்கத்தில் மட்டமாகப் பறந்துகொண்டு, எஸ் விசையைத் தட்டிக் கட்டுப்பாட்டுக் கணினியின் தடையை நீக்கிவிட்டு, ஸ்டிக்கை ஒரே மூச்சில் முழுவதும் இழுங்கள். மூக்கு செங்குத்தைத் தாண்டியதும் ஸ்டிக்கை முன்னால் விடுங்கள், தானாக விழும். ரொம்ப வேகமாக இருக்கும்போது செய்தால் இறக்கைக்கு ஆபத்து. சண்டையில் செய்தால் வேகம் எல்லாம் செலவாகி, பின்னால் வருபவர் தாண்டிப் போனாலும் அவருடைய கூட்டாளிக்கு நீங்கள் தட்டில் வைத்த வடை.

விஆரில் லூப் போட்டால் வயிறு புரட்டுகிறது.

எனக்கும்தான். முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள், முகத்துக்கு நேராக ஒரு மின்விசிறி வையுங்கள். நெற்றியில் வியர்வை கசிந்த அடுத்த நொடி ஹெட்செட்டைக் கழற்றிவிடுங்கள், தம் பிடித்துத் தொடர்ந்தால் அன்றைய பொழுதே போச்சு. நான்கு இட்லிக்குப் பிறகு பறக்கலாம், ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு நான் சோதித்துப் பார்த்துவிட்டேன், வேண்டாம்.